அண்ணன் பக்கத்து இலைகள்

1963 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வழிந்ததைப் பழைய துணியால் துடைத்தேன். மனைவி தூக்குச்சட்டியில் கேழ்வரகு அடையும் தேங்காய்த் துவையலும் வைத்துக் கொடுத்தாள். நான் வேலை பார்த்த தோல் கிட்டங்கிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பதனிட்ட ஆட்டுத் தோல்களை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்து அடுக்குவது என் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் வத்தலக்குண்டு சாலையில் இருந்த எங்கள் மாந்தோப்புக்குப் போவேன். காய்ந்த கொம்புகளை வெட்டுவேன், வாய்க்காலைச் சீர்செய்வேன், ஜும்ஆ தொழுகைக்கு முன்பே திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிடுவேன்.

அன்றைக்கும் இதே ஒழுங்குதான். ஒன்று மட்டும் வேறு. தோப்பில் தன் பங்கைச் செங்கல் சூளைக்காரருக்கு விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அண்ணன் அன்று மாலை சொல்வதாக இருந்தது. விற்றால் முதலில் மரம் போகும், பிறகு மண் போகும். சூளைக்காரருக்கு வேண்டியது தோப்பு அல்ல, தோப்புக்கு அடியில் இருந்த களி கலந்த மண். அதைத் தடுத்துவிட முடியும் என்று நம்பிச் சைக்கிளின் பின்னால் இரண்டு காலிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு போனேன்.

அத்தா வைத்த தோப்பு அது. அவர் மவுத்தானதும் எங்கள் இருவருக்கும் பங்கு பிரித்தார்கள். ஓடையை ஒட்டிய மேற்குப் பாதி அண்ணனுக்கு, சாலையை ஒட்டிய கிழக்குப் பாதி எனக்கு, நடுவில் இருந்த கிணறு பொதுவில். கிணற்றில் யார் எந்த நாளில் இறைப்பது, வண்டிப் பாதை எப்படிப் போவது, எல்லையில் நிற்கும் மரத்தின் கொம்பு முறிந்து விழுந்தால் யாருக்கு என்பது வரை பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். உதிரும் இலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பற்றி என்ன பேசுவது?

கிணற்றுக்கு மேற்கே, அண்ணன் பங்கில், ஒரு பெரிய மரம் இருந்தது. அத்தா தோப்பில் இருக்கும்போதெல்லாம் சாயங்கால அஸர் தொழுகையை அதன் அடியில்தான் தொழுவார். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடத்தைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். தோப்பில் வேறெங்கும் அவர் துடைப்பம் போட்டு நான் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் வரும்.

அண்ணனுக்கு அத்தா மீது அதிகப் பிரியம். அத்தா போன பிறகு அந்தத் தொழுகை இடத்தைப் பெருக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம், அந்த மரத்தைச் சுற்றிக் கொஞ்சம், அந்த வரிசை, அடுத்த வரிசை என்று ஒரு வருடத்துக்குள் அவர் பங்கு முழுவதும் முற்றம் போல ஆகிவிட்டது. பெருக்குவதற்கென்றே ஆள் வைத்தார். பூப் பிடிக்கும் பருவத்தில் மரத்தைப் பார்த்துக் குத்தகை பேச வரும் பழ வியாபாரிகள் அவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தோப்பு வைத்தால் இப்படி வைக்க வேண்டும் என்றார்கள். உதிர்ந்த காய் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தப்பாது அல்லவா.

"என் பக்கம் எங்க வேணும்னாலும் பாய் விரிக்காமத் தொழுகலாம்டா" என்பார் அண்ணன். "ஒன் பக்கம் காலு வைக்கவே பயமாருக்கு. பாம்பு குடும்பம் நடத்துது."

"நடத்தட்டும்ண்ணே. பங்கு பிரிக்கிறப்ப அதைக் காலி பண்ணச் சொல்லலையே நாம" என்பேன்.

அப்போது சிரித்துக்கொண்டுதான் பேசினோம். என் பக்கம் இலை கிடந்ததற்கு எந்த அறிவும் காரணமில்லை. வாரம் ஒரு காலைப்பொழுது வருகிறவனுக்குப் பெருக்க நேரமில்லை, ஆள் வைக்க மனமில்லை. அவ்வளவுதான்.

பெருக்கிய இலை அண்ணன் பக்கத்து மூலையில் மலையாகக் குவிந்தது. எரித்தால் புகை சாலைக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் சூளைக்காரர் வந்தார். நெய்க்காரப்பட்டிப் பக்கத்துக்காரர். எங்கள் ஓடைக்கு மறுகரையில் புதிதாகச் சூளை போட்டிருந்தார். சூளை பற்றவைக்கச் சருகு வேண்டும்.

"ஏனுங்க பாய், இத்தனை சருகையும் சும்மா எரிச்சுப் போடறீங்களே. நம்ம வண்டி வந்து அள்ளிட்டுப் போகட்டுங்களா? உங்க தோப்பும் சுத்தமாயிருமுங்க" என்றார்.

அண்ணனுக்கு அவர் பெரிய உதவி செய்வதாகத் தோன்றியது. வண்டியில் ஏற்ற நானும் ஒருநாள் கைகொடுத்தேன். மாட்டு வண்டி நிறைய மா இலை, மேலே வைக்கோல் பிரி போட்டுக் கட்டி, ஓடையைத் தாண்டிப் போயிற்று. வாரம் தவறாமல் போய்க்கொண்டே இருந்தது.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வருடங்கள் ஆயின. எனக்கு அது முதலில் கையில் தெரிந்தது. தோலைத் தொட்டே தரம் சொல்லிப் பழகிய கை. என் பக்கம் மரத்தடியில் கையை விட்டால் மேலே மொரமொரப்பான புது இலை. அதற்குக் கீழே போன வருடத்து இலை, சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். இடையிடையே வெள்ளை நூலாகப் பூசணம் ஓடியிருக்கும். இன்னும் கீழே இலை என்று சொல்ல எதுவும் இருக்காது. டீத்தூள் போலக் கறுப்பாக, ஈரமாக, உதிரியாக ஒரு மண். அதற்குள் மரத்தின் சன்ன வேர்கள் மேல்நோக்கி ஏறி வந்து பின்னிக் கிடக்கும். ஆழத்தில் தேட வேண்டிய சாப்பாடு மேலேயே கிடைக்கும்போது வேர் மேலே வராமல் என்ன செய்யும்? சித்திரை வெயிலில்கூட அந்த அடுக்கு காயாது. மழை பெய்தால் தண்ணீர் ஓடாது, அப்படியே உள்ளே இறங்கும்.

அண்ணன் பக்கம் கை உள்ளே போகாது. விரலால் தட்டினால் சத்தம் வரும். மேலே ஓடு கட்டிய மண். உப்புப் போடாமல் வெயிலில் கிடந்த பச்சைத் தோல் விறைத்துப்போகுமே, அப்படி. ஐப்பசி மழை அதன் மேல் வழிந்து, செம்மண் கலந்த தண்ணீராக ஓடைக்குப் போகும். ஒவ்வொரு மழைக்கும் மண் கொஞ்சம் கரைந்து, வேர்கள் எலும்பு தெரிகிற மாதிரி வெளியே வந்தன. இலை சிறுத்தது, ஓரம் கருகியது. பூ பூத்தது. பிஞ்சு நிற்கவில்லை.

நம் ஊர் வெயிலும் மழையும் சேர்ந்தால் மண் தன்னிடம் எதையும் நெடுநாள் சேர்த்து வைத்துக்கொள்ளாது. சூடு எல்லாவற்றையும் சீக்கிரம் மக்க வைக்கிறது, மழை கரைத்துக்கொண்டு போகிறது. மண்ணிலிருந்து எடுத்ததை மரம் இலையில் வைத்திருந்து, இலையை உதிர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. மக்கியதை வேர் மறுபடி எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை தோப்பு இருக்கும். இலையை வண்டியேற்றினால் சுற்று அறுந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலம் இருந்ததால் தெரிந்தது. அத்தாவின் தொழுகை மரம்தான் எங்கள் சிறு வயதிலிருந்தே தோப்பில் குறைவாகக் காய்க்கும் மரம். அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அண்ணனிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல. அவர் கடையில் சீமை உரம் வாங்கி வந்து போட்டார். அந்த இறுகிய மண்ணில் அது ஒரு மழைக்கு நிற்கவில்லை. மரத்துக்கு வயதாகிவிட்டது என்றார். என் மரங்களுக்கும் அதே வயதுதான் என்றேன்.

"ஒன் மரம் ஏன் காய்க்குதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "ஆடிக் காத்துல என் இலையெல்லாம் ஒன் பக்கம்தான் பறந்து வருது. என் மரத்து எலையத் தின்னுட்டுத்தான் ஒன் மரம் கொழுத்து நிக்குது."

அவர் சொன்னது உண்மை. மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அவர் பக்கத்துச் சருகில் பாதி பெருக்குவதற்கு முன்பே என் பக்கம் வந்துவிடும். இலைக்கு மதிப்பு உண்டென்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் என்னைக் குற்றம் சொல்வதற்காக. அதன் பிறகு எல்லை நெடுகப் பனையோலைப் படல் வைத்துக் கட்டினார். சருகு படலில் மோதி அவர் பக்கமே குவிந்தது. அதைத் தன் மரத்தடியில் விட்டாரா என்றால் இல்லை, அதையும் அள்ளிச் சூளை வண்டியில் ஏற்றினார். அடுத்த ஆடியில் காற்று படலைச் சாய்த்துவிட்டது.

1961இல் நான் கெஞ்சிக் கேட்டதற்காக ஒரே ஒரு வரிசையைப் பெருக்காமல் விடச் சம்மதித்தார். கிணற்றோர வரிசை. அந்த மழைக்காலம் முடிந்ததும் அந்த வரிசையில் மட்டும் புதுத் தளிர் செம்பு நிறத்தில் விட்டது. மதினிகூட வந்து தொட்டுப் பார்த்தார். தை மாதம் குத்தகை பேச வந்த வியாபாரி அந்த வரிசையைக் காட்டி, "இது மட்டும் ஏன் பாய் கேக்க நாதியத்துக் கிடக்கு?" என்று கேட்டாராம். நான் அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது துடைப்பக் கோடுகள் வரிவரியாக இருந்தன.

அந்த வருடம் அண்ணன் பக்கத்தில் ஓடையோர மரங்கள் மேலிருந்து காய ஆரம்பித்தன. பட்டுப்போன கொம்புகளைச் சூளைக்காரரே ஆள் விட்டு வெட்டி எடுத்துக்கொண்டார். பிறகு முழு மரங்களாகக் கேட்டார். பிறகு, "மரமெல்லாம் போச்சுங்க பாய், இனி வெறும் நெலத்தெ வெச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று மண்ணைக் கேட்டார். வந்தபோது சருகு மட்டும் கேட்ட மனிதர்.

இதெல்லாம் அந்த ஜூலை 12க்கு முந்தைய கதை.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று பலமாக இருந்தது. எல்லையோரம் என் முதல் வரிசை மரங்களுக்கு அடியில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த மக்கைக் கூடையில் அள்ளினேன். அண்ணன் பக்கத்திலிருந்து பறந்து வந்து விழுந்த இலைகள்தான் அங்கே மக்கிக் கிடந்தன. அவருடையதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். தொழுகை மரம் இன்னும் சாகவில்லை. அதைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு, மக்கைப் பரப்பி, அதன் மேல் சருகு மூடி, கிணற்றில் இறைத்து ஊற்றினேன். அண்ணன் வந்து கையை விட்டுப் பார்க்கட்டும், அந்தக் குளிர்ச்சி அவருக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அத்தா தொழுத இடத்தை நான் தொடவில்லை. அதைச் சுற்றி ஒரு முழம் தள்ளித்தான் போட்டேன்.

கையைக் கழுவிவிட்டு அடையைப் பிரிக்கும்போது அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினி கையில் தூக்கில் டீ இருந்தது. "தம்பிக்கு இன்னிக்கு என்னா சட்டையெல்லாம் மண்ணு? பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி மடிப்புக் கலையாம வருவீகளே" என்று சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினேன். நான் மேலே மூடியிருந்த சருகைக் காற்று இழுத்து, தொழுகை இடம் முழுவதும் பரப்பியிருந்தது. ஈர மக்கும் கொஞ்சம் சிதறிக் கறுப்பாகக் கிடந்தது.

"யாருடா இங்கன குப்பையக் கொட்டுனது?"

"குப்பை இல்லண்ணே, மக்கு. ஒன் மரத்து இலைதான். காத்துல என் பக்கம் வந்தது. திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"அழுகுனதக் கொண்டாந்து அத்தா தொழுத எடத்துல கொட்டிப்புட்டுத் திருப்பிக் கொண்டாந்தேங்குற?"

"மரத்தச் சுத்தித்தாண்ணே போட்டேன். காத்து இழுத்துருச்சு."

"காத்து! எதுக்கெடுத்தாலும் காத்து. எலை நல்லா இருக்கயில காத்து ஒன் பக்கம் கொண்டாருது, நாறுனதுக்கப்புறம் என் பக்கம் கொண்டாருதோ? நல்ல காத்துடா ஒன் காத்து. ஒனக்கு அம்புட்டு விசுவாசமா இருக்கு."

மதினி குனிந்து ஒரு கை மக்கை எடுத்து முகர்ந்தார். "நாறலங்க. புது மழை பேஞ்ச மாதிரித்தான் வாசம் வருது."

"நீ ஒருத்தி பாக்கி. அவனுக்கு வக்காலத்துக்கு வாரியா?"

நான் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "அண்ணே, ஒரு வருசம். ஒரே ஒரு வருசம் தொடப்பத்தை எடுக்காத. அதுக்கப்புறமும் மரம் வரலேன்னா வித்துக்க, நான் வாயத் தொறக்கல."

"ஏலே, பங்கு பிரிச்ச அன்னிக்கே ஒன் வாய்க்கு இங்க வேலை முடிஞ்சுபோச்சு" என்றார். "ஊருல ஒருத்தன் வீட்டு வாசல்ல ஒருத்தன் குப்பையக் கொட்டுனா அதுக்கு என்னா அர்த்தம்னு தெரியாதா ஒனக்கு? எங்கத்தா நெத்தி பட்ட எடம்டா இது."

எனக்கும் அவர்தான் அத்தா என்று சொல்ல வந்தவன், டீ குடிக்காமல் கிளம்பினேன்.

பள்ளிவாசலில் வழக்கமாக நானும் அண்ணனும் ஒரே வரிசையில்தான் நிற்போம். அன்று அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் போய் நின்றார். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது சூளைக்காரர் சாலையோரம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வேறு வேலையாக ஊருக்குள் வந்திருக்கிறார். மாலையில்தான் பேச்சு. அண்ணன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவரிடம் போனார்.

"சாயந்தரம் வரைக்கும் எதுக்கு? நெலத்தை எடுத்துக்கங்க."

நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"ரொம்ப சந்தோசமுங்க பாய்" என்ற சூளைக்காரர் என்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உங்க அப்பா தொழுத எடத்தெ மட்டும் தொட மாட்டமுங்க. அந்த மரத்தோட விட்டுப்போட்டுச் சுத்தித்தான் எடுப்பமுங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வார்த்தைக்கு நன்றி சொன்னார்.

சூளைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வருடம் தோண்டினார். சுற்றிலும் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி, நடுவில் ஒரு திட்டாக அத்தாவின் மரமும் தொழுகை இடமும் நின்றன. அதன் மேல் ஏறிப் போகப் பாதை கிடையாது. அண்ணன் கரையில் நின்று பார்ப்பார். பெருக்க முடியாத அந்த இடத்தில் அப்போதுதான் இலை சேர ஆரம்பித்தது. 1965 ஐப்பசியில் பெய்த மழையில் திட்டு சரிந்து மரத்தோடு குழிக்குள் போயிற்று. அண்ணன் அதன் பிறகு அந்தப் பக்கம் வந்ததில்லை. எங்களுக்குள் பேச்சு இல்லை. இதை எழுதும் இந்த 1968இல் என் எல்லையோர வரிசையும் குழியின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மரங்களின் இலை நேராகக் குழித் தண்ணீரில் விழுகிறது. மேல்காற்று இன்னும் அடிக்கிறது. சூளைச் சாம்பல்தான் வருகிறது.

அன்று நான் மக்கைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அண்ணன் விற்றிருக்க மாட்டார் என்று மதினி என் மனைவியிடம் சொன்னாராம். இருக்கலாம். நான் செய்தது தவறு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. மரத்துக்குச் சேர வேண்டியதை மரத்தடியில் போட்டேன். அவர் தகப்பனார் மீது வைத்திருந்த பிரியத்தையும் நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிரியம்தான் அந்த மண்ணைக் கொன்றது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஜூலை 12க்கு மறுநாள் சனிக்கிழமை. சுபுஹு தொழுததும், கிட்டங்கிக்குப் போகும் முன் தோப்புக்குச் சைக்கிள் மிதித்தேன். தொழுகை மரத்தடியில் ஒரு சருகுகூட இல்லை. கொத்திவிட்ட மண்ணை மிதித்துச் சமமாக்கி, பெருக்கி, தண்ணீர் தெளித்திருந்தார்கள். நான் போட்ட மக்கு முழுவதும் எல்லைக்கு இந்தப் பக்கம், பாதையில், என் தோப்பின் நுழைவாயிலில் குவித்துக் கொட்டப்பட்டிருந்தது.

கூடையை எடுத்துவரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினேன். தொழுகை மரத்துக்காகக் கொண்டுபோனதை என் முதல் மரத்தடியில் போட்டுப் பரப்பினேன்.